ஃப்ரீசரில் வைத்த ஹார்ட் டிஸ்க்

பக்ரீத்துக்கு மறுநாள் ஆம்பூரில் காலியான ஃப்ரீசர் ஒன்றைத் தேடியிருக்கிறீர்களா?

நான் தேடினேன். போன சனிக்கிழமை. கையில் ஒரு ஹார்ட் டிஸ்க்கோடு.

விஷயம் இதுதான். நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் டிசைன் ரூம் என்று ஒன்று உண்டு. இரண்டு பேர், ஒரு கம்ப்யூட்டர். நானும் கௌசரும். ஒரு ஷூவுக்கு எத்தனை தோல் துண்டு, ஒவ்வொரு சைஸுக்கும் அதன் அளவு என்ன... எல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள் வரைபடமாக இருக்கும். அதை அட்டையில் வெட்டிக் கொடுத்தால்தான் கட்டிங் செக்‌ஷன் தோலில் கை வைக்கும்.

கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது. புதிதாக ஒன்று வந்து இறங்கியது. பழைய டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் புதியதற்கு மாற்ற வேண்டும். எப்போது? ஃபேக்டரி லீவில்தான் முடியும். வெள்ளிக்கிழமை பக்ரீத், சனிக்கிழமையும் லீவு. “நானே பாத்துக்கறேன், நீ பிரியாணிய பாரு” என்று கௌசரிடம் பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தேன்.

பட்டியல் போடாமல் நான் கத்தரிக்காய்கூட வாங்குவதில்லை என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அன்றும் போட்டேன். வயர், யு.பி.எஸ்., புது டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்பதில் தொடங்கி, கிளம்பும்போது ஃபேனை அணைப்பது வரை எழுதியிருந்தேன். நடுவில் பழைய டிஸ்க் செத்துப்போனால் என்ன செய்வது? அது மட்டும் பட்டியலில் இல்லை.

பாதிகூட மாறியிருக்காது. டிக்... டிக்... டிக்... உள்ளே யாரோ நகத்தால் தட்டுவது போல ஒரு சத்தம். திரை அப்படியே நின்றுவிட்டது. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அப்படி ஒரு டிஸ்க் இருப்பதையே கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. புதியதில் வந்து சேர்ந்திருந்தவை எல்லாம் போன வருஷத்து மாடல்கள். திங்கட்கிழமை வெட்ட வேண்டிய ஆர்டரின் வரைபடம் வரவில்லை.

அது வராவிட்டால் என்ன? திங்கள் காலை மாதனூரிலிருந்து கம்பெனி பஸ் வரும். கட்டிங் செக்‌ஷன் பெண்கள் இறங்குவார்கள். அட்டை இல்லை என்றால் அதே பஸ்ஸில் திரும்ப வேண்டியதுதான். வேலை இல்லாத நாளுக்குக் கூலி கிடையாது. எல்லாவற்றையும் மறுபடி வரைய ஒரு வாரமாவது ஆகும்.

எங்களுக்குக் கம்ப்யூட்டர் விற்ற வேலூர் செந்திலுக்கு போன் போட்டேன். அவர் கேட்கட்டும் என்று ரிசீவரை டிஸ்க் பக்கத்தில் பிடித்தேன்.

“மேடம், ஃப்ரிட்ஜ் இருக்கா?”

“இன்னாது?”

“பாலிதீன் கவர்ல காத்து போகாம சுத்தி, ஃப்ரீசர்ல வைங்க. ரெண்டு மூணு மணி நேரம். எடுத்த உடனே மாட்டுங்க. சில்லுனு இருக்கற வரைக்கும் சில டிஸ்க்கு ஓடும். சூடாச்சுன்னா போச்சு. கேரன்டிலாம் கேக்காதீங்க.”

நான் படித்த எந்தப் பாடத்திலும் இது இல்லை. ஆனால் குளிரில் இரும்பு சுருங்கும், சிக்கிக்கொண்டது விடுபடலாம்... யோசித்தால் அர்த்தம் இருப்பது போலவும் இருந்தது. வீட்டுக்கு போன் போட்டேன்.

“ஃப்ரீசர்ல எங்கடி இடம்?” என்றார் அம்மா. “பக்கத்து வூட்டு கறி, எதுர் வூட்டு கறி, உங்க டீச்சர் வூட்டு கறி... ஐஸ் வைக்கக்கூட இடமில்ல. அந்த இரும்ப கொண்டாந்து கறி மேல வெச்சுடாத, சொல்லிட்டேன்.”

சர்ச்சுக்குப் போகிற வீட்டு ஃப்ரீசரே இப்படி! ஐஸ்க்ரீம் கடைக்குப் போனேன். கடைக்காரர், “இன்னாமா அது, பாம் மாதிரி கீது?” என்று பின்னால் நகர்ந்துகொண்டார். கடைசியில் வெட்கத்தை விட்டு, புதுக் கம்ப்யூட்டரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, கௌசர் வீட்டு வாசலில் போய் இறங்கினேன்.

“அரே எஸ்தர்! பிரியாணிக்கு எல்லாரும் டிபன் பாக்ஸ் எடுத்துனு வருவாங்க. நீ கம்ப்யூட்டரையே எடுத்துனு வந்துட்டியா?”

சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது. ஃப்ரீசரைத் திறந்து காட்டினாள். மேலிருந்து கீழ்வரை கறிப் பொட்டலங்கள்.

கௌசரின் அம்மாவை நானும் ‘அம்மி’ என்றுதான் கூப்பிடுவேன்; அவருக்கு நானும் ‘பேட்டி’, மகள். அவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“அந்தப் பொட்டியில இன்னா இருக்குது பேட்டி?”

“திங்கக்கெழம வேலை, அம்மி. மாதனூர் பஸ்ஸு மொத்தமும்.”

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. பொட்டலங்களை வழித்து அண்டாவில் போட்டார். “நாளைக்கு என் நாத்தனார் வர்றாங்கன்னு எடுத்து வெச்சேன். இன்னிக்கே ஆக்கிடறேன். அவங்களுக்கு நாளைக்குப் பருப்பு!” அந்த யோசனை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது போலத் தெரிந்தது.

டிஸ்க் உள்ளே போனது. நாங்கள் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்தோம். வேறு என்ன செய்வது?

“ஒண்ணு கேக்கவா, கோச்சுக்க மாட்டியே?” என்றாள் கௌசர்.

“கேளு.”

“ஒரு ஆட்டை அறுத்தா வூட்டுக்கு ஒரு பங்கு, சொந்தக்காரங்களுக்கு ஒரு பங்கு, இல்லாதவங்களுக்கு ஒரு பங்கு... மூணு எடத்துக்குப் போவுது. நம்ம ஃபைலை மட்டும் ஏன்டி ஒரே டப்பாவுல வெச்சிருந்தோம்?”

உரித்த பூண்டைத் தோல் குவியலில் போட்டுவிட்டேன். கேட்ட கேள்வியிலேயே பழியில் பாதியை அவள் தன் தலையில் போட்டுக்கொண்டதைக் கவனித்தேன்.

டிஸ்க்கை வெளியே எடுத்தபோது விரல் ஒட்டியது. டைனிங் டேபிளில் வைத்து மாட்டினேன். முதலில் திங்கட்கிழமை ஆர்டர், பிறகு மற்றவை என்று உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தேன். ஸ்விட்ச் போட்டேன். லேசான முனகல். தட்டல் இல்லை. திரையில் எங்கள் ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன.

“உயிர் இருக்குதா?” சமையலறையிலிருந்து அம்மி.

“இருக்குது அம்மி!” இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினோம்.

ஆர்டர் முழுவதும் வந்து சேர்ந்த பிறகுதான் மறுபடி டிக்... டிக். திரும்ப ஃப்ரீசர். அடுத்த சுற்றில் இந்த சீசன் மாடல்கள் எல்லாம் வந்துவிட்டன. அதற்கப்புறம் அந்த டிஸ்க் கண் திறக்கவே இல்லை. பழைய மாடல்கள் சில போயின. இதுவரை யாரும் அவற்றைத் தேடவில்லை. வந்தவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து முடித்தேன். கௌசர் தட்டை நீட்டினாள். அப்படி ஒரு குருமாவை நான் சாப்பிட்டதே இல்லை.

ஒரு வார்த்தை: இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். செந்திலே கேரன்டி தரவில்லை.

புது டிஸ்க் வாங்கும்போது என்னவெல்லாம் கேட்கிறோம்! வேகம் எவ்வளவு, இடம் எவ்வளவு, வாரன்டி எத்தனை வருஷம்... இது போனால் இன்னொன்று எங்கே என்று மட்டும் கேட்பதில்லை. நல்லபடியாக ஓடிக்கொண்டிருப்பது நாளைக்கும் ஓடும் என்று நமக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

திங்கள் காலை மாதனூர் பஸ் வந்தது. பெண்கள் இறங்கினார்கள். ஃபேன் காற்று பத்தவில்லை என்று வழக்கம்போல சண்டை போட்டார்கள். கேட்கக் கேட்க இனிமையாக இருந்தது. முதலாளி பாய் என் கதையை முழுவதும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “என் பங்கு குருமா எங்கம்மா?”

அவர் சம்மதத்தோடு இப்போது எல்லா ஃபைலும் மூன்று சி.டி.க்களில் மூன்று நகலாக இருக்கின்றன. ஒன்று ஃபேக்டரியில், ஒன்று அவர் வீட்டில், ஒன்று கௌசர் வீட்டு ஃப்ரிட்ஜில்...

உள்ளே அல்ல, மேலே!