ஈய வெள்ளை அரைத்தவள்

கல்யாணமாகி மல்லசமுத்திரத்திலிருந்து சேலத்துக்கு வந்த அன்றே உண்ணாமலை பார்த்துவிட்டாள், குகை என்ற பகுதியில் அவர்கள் குடியிருந்த வரிசை வீட்டின் பின்புறம் இரண்டு அம்மிகள் கிடந்தன. ஒன்று சமையலுக்கு. இன்னொன்றைக் காலால் தொட்டுக் காட்டினான் அவள் புருஷன் குழந்தைவேல்.

"இதுல மொளகா கிளகா வச்சுப்போடாதே புள்ள. இது தொழில் அம்மி."

குழந்தைவேல் பெயிண்டர். அப்பன் செய்த தொழில் அல்ல. மழை பொய்த்த ஒரு வருஷம் பண்ணையத்தை விட்டுச் சேலத்துக்கு ஓடிவந்து, அப்புசாமி மேஸ்திரியிடம் ஏணி தூக்கிக் கற்றுக்கொண்டது. கை சுத்தம். ஜன்னல் கம்பிக்குப் பூசினால் கண்ணாடியில் ஒரு சொட்டுப் படாது. அஸ்தம்பட்டிப் பக்கம் துரைமார் பங்களாக்களிலும், அவர்களைப் பார்த்து வீடு கட்டிய வக்கீல்கள் வீடுகளிலும் கதவு ஜன்னலெல்லாம் பால் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பார்கள். டப்பாவில் கலந்தே வருகிற பெயிண்ட் விலை அதிகம். அதனால் மேஸ்திரி செவ்வாய்பேட்டையில் ஈய வெள்ளையைப் பொடியாக வாங்கி, ஆளிவிதை எண்ணெயோடு ஆட்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். பெண்டுகள் அரைத்துக் கொடுக்க வேண்டும்.

அந்த வேலை உண்ணாமலைக்குப் பிடித்திருந்தது. பிறந்த ஊரில் கடலைக்காட்டில் வெயிலோடு களை பிடுங்கியவளுக்கு, வேப்பமர நிழலில் உட்கார்ந்து அரைப்பது ஒரு வேலையாகவே தோன்றவில்லை. பொடியை அம்மியில் கொட்டி, எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, குழவியை இழுக்க இழுக்க அது வெண்ணெய் போலத் திரண்டு வரும். இரண்டு விரலுக்கிடையே தேய்த்துப் பார்ப்பாள். நறநறப்பு இருந்தால் மறுபடியும் அரைப்பாள். பொடி பறந்து முகத்திலும் புருவத்திலும் படியும். "மாவு மில்லுக்குப் போயிட்டு வாரயா?" என்று அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

குழந்தைவேலும் அப்படித்தான் வருவான். பழைய கதவுக்குப் புதுசு பூசுமுன் பழையதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். நாளெல்லாம் தேய்த்துவிட்டு, கண்ணிமை வெளுத்து, கிழவனைப் போல வந்து நிற்பான். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சோற்றுக்கு உட்கார்ந்துவிடுவான். அந்த வேட்டியை அவள் துவைப்பாள். தண்ணீர் பாலாக ஓடும்.

முதல் கரு பாதியிலேயே கலைந்தது. அடுத்தது மாசம் நிறைந்து பிறந்தது. ஆண் பிள்ளை, தலை நிறைய முடி. ஆனால் அழவில்லை. மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டிப் பார்த்துவிட்டு, துணியில் சுற்றினாள். அதன் பிறகு மேச்சேரி காளிக்கு நேர்ந்துகொண்டார்கள். உண்ணாமலை மாவிளக்கு எடுத்தாள், செவ்வாய்க்கிழமை தோறும் ஒரு பொழுது இருந்தாள். நேர்த்திக்கடனுக்குப் போய்வந்த மறுநாளும் அரைக்க உட்கார்ந்தாள். வேலை நிற்காதே.

பிறகுதான் செல்லாயி பிறந்தாள். மெலிந்த பிள்ளை. மற்ற பிள்ளைகள் ஓடுகிற வயசில்தான் எழுந்து நின்றாள். ஆனால் அவள் சிரிப்புக்குத் தெருவே மயங்கும். குழந்தைவேல் வேலை விட்டு வந்ததும் ஏணியைச் சுவரில் சாய்க்குமுன்பே அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வான். அவன் தலையிலிருந்து வெள்ளைத் தூள் அவள் கன்னத்தில் ஒட்டும்.

உண்ணாமலை அரைக்கும்போது செல்லாயி அம்மியடியிலேயே உட்கார்ந்திருப்பாள். குழவியில் வழிகிறதை விரலால் தொட்டுப் பார்ப்பாள். ஒரு நாள் திரும்பிப் பார்த்தால் வாயெல்லாம் வெள்ளை.

"ஐயே, தூ. துப்பு சாமி."

செல்லாயி துப்பவில்லை. நாக்கைச் சப்புக்கொட்டிச் சிரித்தாள். உண்ணாமலை முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் புருஷனிடம் சொன்னாள்.

"ஏனுங்க, உங்க மக பெயிண்ட்டத் திங்கறா. இனிக்குமாட்ட இருக்குது."

"நம்ம தொழிலு ருசிச்சுப்போச்சு அவளுக்கு" என்று சொல்லிச் சிரித்தான் குழந்தைவேல்.

அதற்குப் பிறகு எத்தனை தடவை அப்படி நடந்ததென்று உண்ணாமலைக்கு நினைவில்லை. முந்தானையால் துடைப்பாள், அரைப்பாள்.

அடுத்த மழைக்காலத்துக்குள் செல்லாயி வெளிறிப் போனாள். சோறு கண்டால் முகத்தைத் திருப்பினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகுவாள்; வயிறு போகாமல் நாள் கணக்கில் கிடப்பாள். மாந்தம் என்று ஒருத்தி கஷாயம் கொடுத்தாள். கண்ணேறு என்று ஒருத்தி மிளகாய் சுற்றிப் போட்டாள். ஒரு மத்தியானம், உண்ணாமலை பக்கத்தில் இருக்கும்போதே, பிள்ளைக்குக் கண் செருகி உடம்பு வெட்டி இழுத்தது. நின்றது, மறுபடி இழுத்தது. மந்திரிக்கிறவரைக் கூட்டிவர ஆள் ஓடியது. அவர் வேப்பிலையோடு உள்ளே நுழையும்போது எல்லாம் முடிந்திருந்தது.

சொல்லியனுப்ப, குழந்தைவேல் வந்தான். கண்ணிமை வெளுத்திருந்தது. பிள்ளையைத் தொடப் போனவன் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கிணற்றடிக்குப் போய்க் கை கால் கழுவிக்கொண்டு வந்து தூக்கினான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு குறைந்தது. அவன் வேலைக்குப் போனான், அவள் அரைத்தாள். அவனுக்கும் வயிற்றுவலி வந்து வந்து போயிற்று. சுருண்டு படுப்பான், மிளகு ரசம் குடிப்பான், காலையில் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். ஒரு தை மாசத்துக்கு முன்னால், ஊரெங்கும் வேலை குவிந்து கிடந்த சமயத்தில், ஒரு பங்களா ஜன்னலில் நின்றுகொண்டிருந்தவன் கையிலிருந்து பிரஷ் நழுவி விழுந்தது. இறங்கி எடுத்தான். மறுபடி விழுந்தது. மணிக்கட்டைத் தூக்கப் பார்த்தான், எழும்பவில்லை. வலது கை வாடின தண்டு போலத் தொங்கியது. மாசம் திரும்புமுன் இடது கையும் அப்படியாயிற்று.

அப்புசாமி மேஸ்திரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார். உண்ணாமலை கூடப் போனாள். டாக்டர் நடு வயசுக்காரர், பொறுமையானவர். குழந்தைவேலின் கைகளை நீட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு கீழுதட்டை இழுத்து ஈறைப் பார்த்தார். பல்லடியில் மை தீட்டினது போல நீலக்கோடு ஓடியிருந்தது.

"பெயிண்ட் வேலையா?"

"ஆமாங்க சாமி."

"பொடியை யார் அரைக்கிறது?"

"நாந்தானுங்க" என்றாள் உண்ணாமலை.

அவளையும் வெளிச்சத்துக்கு வரச்சொல்லி ஈறைப் பார்த்தார்.

"குழந்தைகள் உண்டா அம்மா?"

அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். டாக்டர் கேட்டுக்கொண்டே மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வெள்ளையில் இருப்பது ஈயம். ஈயம் விஷம். மூச்சிலும் சோற்றிலும் உள்ளே போகும். போனால் எலும்பில் தங்கிவிடும். வயிற்றில் இருக்கிற பிள்ளையையும் விடாது. இனிமேல் ரெண்டு பேரும் அதைத் தொடக் கூடாது."

உண்ணாமலை கேட்டாள்: "அது இனிக்குமுங்களா சாமி?"

டாக்டருக்கு ஏன் கேட்கிறாள் என்று புரிந்திருக்க வேண்டும்.

"இனிக்கும்" என்றார்.

திரும்பி வரும் வழியில் குழந்தைவேல் நடுரோட்டில் நின்றுவிட்டான்.

"அந்த டாக்டரு என்னமோ பேசறாரு. மேஸ்திரி ஊட்ல பாரு, பிள்ளையும் குட்டியுமா நெறைஞ்சு கெடக்குது. அவருக்கு மட்டும் வெசமில்லையா?"

"மேஸ்திரி அரைக்கறதுமில்லீங்க. சொரண்டறதுமில்லீங்க."

"அப்ப எம்புள்ளைய நானே கொன்னுபோட்டேங்கறயா?"

"அரைச்சது நானுங்க" என்றாள் உண்ணாமலை.

பக்கத்தில் ஒரு மாட்டுவண்டி மணியடித்து வழி கேட்டது. இருவரும் ஒதுங்கி நின்றார்கள். அந்தப் பேச்சை அதன் பிறகு அவர்கள் எடுக்கவே இல்லை.

உண்ணாமலை தொழில் அம்மியைச் சாய்த்து வைத்துவிட்டு, கொத்தனார்களுக்குச் சித்தாள் வேலைக்குப் போனாள். குழந்தைவேல் வீட்டில் உட்கார்ந்திருந்தான். சோற்றை அள்ள முடியாமல் குனிந்து தட்டில் வாய் வைத்துத் தின்பான். அவள் ஊட்டப் போனால் தலையைத் திருப்பிக்கொள்வான். கொஞ்ச நாள் கழித்துக் கிழிசல் துணியால் பிரஷை மணிக்கட்டோடு கட்டிவிடச் சொன்னான். அவள் மாட்டேன் என்றாள். பல்லால் இழுத்து அவனே கட்டிக்கொண்டு மேஸ்திரியிடம் போனான். மேஸ்திரி இரக்கப்பட்டு மாட்டுக்கொட்டகைக் கதவு, கொல்லைப்புற ஜன்னல் என்று கண்ணுக்குத் தெரியாத இடங்களைக் கொடுத்தார். தோளையும் முழங்கையையும் வைத்து இழுத்து இழுத்துப் பூசினான். கண்ணாடியெல்லாம் வெள்ளையாயிற்று.

ஒரு நாள் உண்ணாமலை வேலை முடிந்து வந்தபோது பின்புறம் சத்தம் கேட்டது. தொழில் அம்மியைத் தள்ளிப் போட்டு, அதன் முன்னால் முட்டிபோட்டு, இரண்டு முன்னங்கைகளுக்கும் நடுவே குழவியை இடுக்கி உருட்டிக்கொண்டிருந்தான் குழந்தைவேல். கை மடங்கி மடங்கிச் சரிந்தது. குழவி நழுவி அவன் பாதத்தில் விழுந்தது. மறுபடியும் இடுக்கினான். மறுபடியும் விழுந்தது.

அவள் நின்று பார்த்தாள். பிறகு முந்தானையை மூக்கோடு சுற்றிக் கட்டிக்கொண்டு, அவன் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள்.

"நவுருங்க."

அவன் நகர்ந்தான். அவள் அரைத்தாள். விரலால் தேய்த்துப் பார்த்து, நறநறப்பு இருந்ததால் இன்னும் அரைத்தாள். அவன் வேப்பமரத்தில் சாய்ந்து வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

யுத்தம் வந்து கப்பல் சரக்கு நின்றபோது ஈய வெள்ளை கடையில் கிடைக்காமல் போயிற்று. மேஸ்திரி ஆட்களை அனுப்பிவிட்டார். விஷம் போயிற்று என்று உண்ணாமலை நினைத்த சமயத்தில் குழந்தைவேலுக்குப் புத்தி பிசகியது. தலைவலி தாங்காமல் சுவரில் முட்டிக்கொள்வான். செல்லாயி எங்கே என்று கேட்பான். தூங்குகிறாள் என்று அவள் சொல்வாள். ஐப்பசி மழையில், செல்லாயிக்கு வந்த மாதிரியே இழுப்பு வந்து அவன் போய்ச் சேர்ந்தான்.

உண்ணாமலை மல்லசமுத்திரத்துக்குத் திரும்பி அண்ணன் வீட்டுக் கொட்டகையில் ஒண்டிக்கொண்டாள். சின்னுசாமிக் கவுண்டர் தோட்டத்தில் களை வெட்டினாள், அவர் வீட்டு வாசல் தெளித்தாள். கவுண்டர் மகள் வசந்தாமணியை எடப்பாடியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பிரசவத்துக்கு வந்தவள் குழந்தையோடு தாய்வீட்டிலேயே தங்கியிருந்தாள். பேரனுக்காகக் கவுண்டர் சேலத்திலிருந்து மரத் தொட்டில் வாங்கி வந்திருந்தார். கால் முதல் கம்பி வரை வெள்ளை.

குழந்தைக்குப் பல் முளைத்து, தொட்டிலில் எழுந்து நிற்கிற பருவம் வந்தது. ஒரு காலையில் வாசல் கூட்டிக்கொண்டிருந்த உண்ணாமலை பார்த்தாள், குழந்தை கம்பியைப் பிடித்து நின்று விளிம்பைக் கடித்துக்கொண்டிருந்தது. உதட்டில் வெள்ளைச் செதில். விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கம்பியில் விரலைத் தேய்த்தாள். மாவாக ஒட்டியது. பழைய ஸ்டாக்கை எங்கேயோ தேடிப்பிடித்துப் பூசியிருக்கிறார்கள்.

"ஆத்தா, கொழந்தையத் தூக்கிக்கோங்க. அது வெசமுங்க."

கவுண்டர் சம்சாரம் சென்னியம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். உண்ணாமலை டாக்டர் சொன்னதைச் சொன்னாள். செல்லாயியைச் சொன்னாள். மூச்சு வாங்கச் சொன்னாள்.

"ஒரு உப்புத்தாள் குடுங்க ஆத்தா. கொழந்தைய அந்தால கொண்டு போயிருங்க. நானே தண்ணி தொட்டு எல்லாத்தையும் தேச்சு எடுத்துப்போட்டு, வெறும் எண்ணெய் பூசித் தாரனுங்க. மரம் பளபளன்னு இருக்குமுங்க. கூலி வேண்டாமுங்க."

சென்னியம்மாள் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். ஆனால் அவள் பார்த்தது தொட்டிலை அல்ல, உண்ணாமலையை.

"பெத்ததெல்லாம் வாரிக் குடுத்துட்டு, புருசனையும் குடுத்துட்டு, எம்பேரனப் பாத்து வெசங்கற. உனக்கு நெஞ்சு எப்பிடி வருது?"

"இல்லீங்க ஆத்தா, நான்—"

"வாசக் கூட்டுனது போதும். இனி தோட்டத்தோட நின்னுக்க. கொழந்தை இருக்கற பக்கம் வராதே."

அன்று மாலையே பேரனுக்குச் சுற்றிப் போட்டார்கள் என்று கேள்விப்பட்டாள். கிணற்றுமேட்டில் ஒரு தடவை வசந்தாமணி தனியாக எதிர்ப்பட்டபோது மறுபடியும் சொன்னாள். வசந்தாமணி தலையைக் குனிந்துகொண்டே முழுசும் கேட்டாள்.

"நான் சொன்னா எங்கம்மா கேக்கறவங்களா?" என்றாள்.

அவள் எடப்பாடிக்குக் கிளம்பிய நாளில் உண்ணாமலை காட்டோரம் நின்று வண்டியைப் பார்த்தாள். பின்னால் தொட்டிலை ஏற்றிக் கட்டியிருந்தார்கள். மேல் கம்பி முழுக்கப் பழைய சேலைத் துணி சுற்றியிருந்தது. பிள்ளை கடிக்கக் கூடாதென்று வசந்தாமணி சுற்றினாளா, வழியில் உராய்ந்து வெள்ளை போய்விடக் கூடாதென்று அவள் அம்மா சுற்றினாளா, தெரியவில்லை. ஓடிப்போய்க் கேட்கலாமா என்று நினைத்தாள். வண்டிக்குள் சென்னியம்மாளின் குரல் கேட்டது. நின்றுவிட்டாள்.

பிறகு எடப்பாடிச் சந்தைக்குப் போய்வருகிறவர்களிடமெல்லாம் குழந்தையைப் பற்றி விசாரித்தாள். நல்லா இருக்கிறதென்றான் ஒருவன், பார்க்காமலே. இன்னொருத்தி, அந்த வீட்டில் ஏதோ வைத்தியம் நடக்கிறதாம், யாருக்கென்று தெரியாது என்றாள். அதற்கு மேல் கேட்டபோது அண்ணன் திட்டினான், ஊர் வாயில் விழாதே என்று. களைக்கொத்தை எடுத்துக்கொண்டு அவள் கடலைக்காட்டுக்குப் போனாள்.