செல்லாயியின் கரண்டி

செல்லாயிக்கு இருபத்திரண்டு வருடமாகச் சித்தாள் வேலை. குறிஞ்சிப்பாடியிலிருந்து முதல் பஸ்ஸில் சிதம்பரம் வந்து, அடுத்தவர் பூசும் சுவருக்குக் கலவை சுமந்து கொடுத்துவிட்டுப் போவாள். அவளோடு வேலைக்குச் சேர்ந்த ஆண்கள் மூன்றே வருடத்தில் பூச்சுக் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிட்டார்கள். அவள் கையில் மட்டும் யாரும் கரண்டியைக் கொடுக்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்டதுமில்லை. நானும் பள்ளிக்கூடத்தில் சமத்துவப் பாடம் நடத்துகிறவள்தான். எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

2008 மழையில் அண்ணாமலை நகரில் எங்கள் வீட்டு ஹாலுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டது. வடிந்த பிறகு பார்த்தால், சுவரின் அடியில் தரையை ஒட்டி ஓடும் ஸ்கர்ட்டிங், அந்த நான்கு அங்குலச் சிவப்பு சிமென்ட் பட்டை, அங்கங்கே வெடித்திருந்தது. அதை எடுத்துவிட்டு டைல்ஸ் ஒட்டக் காத்தவராயன் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அவரோடு சித்தாளாக வந்தவள்தான் செல்லாயி.

மேஸ்திரிக்கு அவசரம். வெடித்த துண்டுகளை மட்டும் தட்டிவிட்டு, மிச்சமிருந்த வழவழப்பான பட்டை மேலேயே டைல்ஸை ஒட்ட ஆரம்பித்தார்.

"பழச கொத்தி வுட்டுட்டு ஒட்டுங்க மேஸ்திரி. இல்லன்னா புடிக்காது" என்றாள் செல்லாயி.

"நீ கலவையக் குடு. கரண்டி என் கையில இருக்கு."

நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கேட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

இரண்டே மாதம். டைல்ஸ் வரிசையாகக் கழன்று விழுந்தது. சொல்லி அனுப்பியதும் மேஸ்திரி செல்லாயியோடு வந்தார், பார்த்தார், இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"இவ கலவையில மணல ஜாஸ்தி போட்டுட்டா டீச்சர். இனிமே இவள எந்த வேலைக்கும் கூப்புடப் போறதில்ல. மத்த மேஸ்திரிங்ககிட்டயும் சொல்லிடறேன்."

அவள் பக்கத்திலேயே நிற்கும்போது சொல்கிறார். அந்தப் பேச்சு வெளியே போனால் மறுநாளிலிருந்து அவளுக்குப் பிழைப்பு கிடையாது.

செல்லாயி குனிந்து ஒரு டைல்ஸை எடுத்துத் திருப்பி என்னிடம் நீட்டினாள்.

"பாருங்க டீச்சர். கலவை டைல்ஸ வுட்டு வந்துச்சா? செவுத்த வுட்டுத்தான் வந்துருக்கு."

கலவை டைல்ஸின் முதுகில் கல்லாக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், ஒரு மணல்கூட உதிரவில்லை. சுவரிலோ பழைய சிவப்புப் பட்டை ஒரு கொத்துக்கூடப் படாமல் பளபளவென்று இருந்தது.

"நீங்க கெளம்புங்க மேஸ்திரி. மிச்சத்த செல்லாயி பாத்துக்கும்" என்றேன்.

"பொம்பள கரண்டி புடிச்சி எங்க டீச்சர் பாத்தீங்க?"

"நாளைக்குப் பாக்கப் போறேன்."

மறுநாள் செல்லாயி ஒரு மஞ்சப்பையோடு வந்தாள். உள்ளே கரண்டி. எட்டு வருடத்துக்கு முன்பு வாங்கியதாம். அதை வைத்துத்தான் தன் வீட்டுச் சுவர் முழுவதையும் தானே பூசியிருக்கிறாள். இத்தனை நாள் அதை வேலைக்கு எடுத்து வராமல் ஒளித்து வைத்திருந்தாளாம்.

நான்கு நாள் வேலை. பட்டை முழுவதையும் கொத்தி எடுத்தாள். சுவரை நனைத்து, நூல் பிடித்து ஒட்டினாள். இடுக்குகளில் வெள்ளை சிமென்ட் அடைத்துத் துணியால் துடைத்தாள். மேலே பெயர்ந்த பூச்சையும் சரிசெய்தாள். கலவை எடுத்துக் கொடுத்தது நான். கெட்டியாக இருக்கிறது என்று இரண்டு தடவை திட்டு வாங்கினேன்.

2011 கடைசியில் 'தானே' புயல் வந்து போனது. மறுபடியும் வீட்டுக்குள் தண்ணீர். ஒரு டைல்ஸ்கூட அசையவில்லை. ஆனால் மற்ற இடங்களில் செல்லாயி இன்னமும் கலவைச் சட்டிதான் சுமந்துகொண்டிருந்தாள்.

புயலில் பக்கத்து வீட்டுத் தங்கராசு சாருடைய ஸ்கர்ட்டிங் பெயர்ந்துவிட்டது. எங்கள் ஹாலை வந்து பார்த்தார், தடவிப் பார்த்தார். செல்லாயி செய்தது என்று சொன்னேன்.

"நல்ல வேலைங்க. அவுங்களையே வரச் சொல்லுங்க" என்றவர், வாசல்வரை போய்த் திரும்பினார். "கூட ஒரு கொத்தனாரையும் கூட்டியாரச் சொல்லுங்க."

பொறுக்க முடியாமல் செல்லாயிக்குப் போன் போட்டுக் கொட்டித் தீர்த்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"கூட்டியாறேன்னு சொல்லுங்க டீச்சர். காத்தவராயன் மேஸ்திரி சும்மாத்தான் இருக்காரு. எனக்குக் கலவை எடுத்துக் குடுக்க ஆளு வேணுமில்ல."