தறிச் சத்தத்துக்கு மேலே

முந்தின ராத்திரி மட்டக்களப்பு ரயில் நிலையத்தில் மர்சூக்கையும் இன்னும் மூன்று பேரையும் ஆர்மோனியப் பெட்டியோடு கண்டதாக மீன்காரர் அபுல் ஹஸனிடம் அவருடைய மருமகன் சொன்னானாம். அந்தக் கதையை அவர் விடியற்காலையில் மருதமுனைக்குக் கொண்டுவந்து, ஸைனுலாப்தீனின் வாசலில் மீனோடு சேர்த்து இறக்கினார். கொழும்புக்காம். றேடியோவில் பாடவாம். நாளைக்குப் பதிவாம்.

ஸைனுலாப்தீன் நம்பவில்லை. மர்சூக் அவனுடைய மச்சான். பயணம் பெருநாளுக்குப் பிறகென்று தன் வாயால் சொன்னவன்.

அவனும் அந்த நால்வருமாக ஐந்து பேரும் ஒரே கொட்டிலில் சாரம் நெய்தவர்கள். ஐந்து தறியும் அடிக்கும்போது அதற்கு மேலே கேட்கவேண்டுமென்று பாடிப் பாடியே அவர்களுடைய பாட்டுக் கோஷ்டி உண்டானது. கலியாண வீட்டில் அவர்கள் றபான் மேளத்தை அறைந்து பாடினால் கல்முனை தாண்டிச் சாய்ந்தமருது வரைக்கும் கேட்கும் என்பார்கள். அதில் பெரிய தொண்டை ஸைனுலாப்தீனுடையது.

ஐம்பத்தாறில் ஆர்மோனியம் வந்தது. றேடியோவுக்கென்று மர்சூக் றபான்களுக்குத் துணி சுற்றினான், பாட்டை மெதுவாக்கினான். "மச்சான், நீ வாயத் திறந்தா மைக்கு ஓடிரும். கொஞ்சம் பின்னால நில்லு" என்று சிரித்தான். ஸைனுலாப்தீனும் சிரித்துவைத்தான். தொண்டை அடங்கும்வரை பயிற்சிக்கு வரவில்லை என்று அவனாகத்தான் ஒதுங்கினான். அவசரமில்லை, ஆறுதலாக வா என்றான் மர்சூக்.

ஒன்றரை மாதம், எல்லோரும் போன பிறகு, ஓய்ந்த தறிகளுக்கு நடுவே இருந்து பழகினான். அறுந்துவிடும் நூலை இழுப்பதுபோல் குரலை இழுத்தான். கடைசியில் மெல்லிய குரல் வந்துவிட்டது. மனைவி சுல்பிகா கேட்டுக்கொண்டு நின்றாள்.

"இஞ்சேருங்க, வடிவாத்தான் இருக்கு. ஆனா உங்கட குரல் மாதிரி இல்ல."

அதுதான் வேணும் என்றான். பெருநாளன்று மர்சூக்குக்குப் பாடிக் காட்ட வைத்திருந்தான்.

இப்போது மீனை அவளிடம் கொடுத்துவிட்டுக் கொட்டிலுக்கு ஓடினான். நான்கு தறியில் ஆளில்லை.

கல்முனைத் தபாற்கந்தோருக்குச் சைக்கிளை மிதித்தான். கொழும்பில் அவர்கள் தங்குவதென்றால் அவர்கள் நெய்த சாரத்தை வாங்கும் கடையில்தான். அதன் டெலிபோன் இலக்கம் கணக்குச் சிட்டையில் இருந்தது. சண்டை பிடிக்க அல்ல. டெலிபோனில் இரண்டு அடி பாடிக் காட்டினால் போதும், மச்சான் வரச் சொல்வான். ராத்திரி மெயில் ரயிலைப் பிடித்தால் பதிவுக்குப் போய்விடலாம்.

கந்தோரில் டெலிபோன் பார்க்கும் தங்கரத்தினம் இலக்கத்தை எடுத்துக் கொடுத்தார். நெடுநேரமாயிற்று.

"மணி போகுது தம்பி, ஆரும் எடுக்கல்ல. வைக்கட்டா?"

"கொஞ்சம் பொறுங்க ஐயா."

டெலிபோன் குழாயை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தான். சத்தம் வராமல் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது.