காட்டு உள்ளி வறை

மகளுக்கு அப்போது பத்து வயது. அல்ப்ஸ் மலைகளில் ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்களைப் பற்றி வகுப்பில் பேச வேண்டுமென்று பெரிய காகித மட்டையொன்றைச் சமையலறை மேசையில் விரித்து வைத்திருந்தாள். மலையைக் குடைந்து உப்பும் செம்பும் எடுத்தார்கள், கல்லை உடைத்துக் கத்தி செய்தார்கள், ஏரிக்கரையில் மரக்கால் நட்டு வீடு கட்டினார்கள் என்று எல்லாவற்றுக்கும் படம் கீறிவிட்டாள். மிஞ்சியது சாப்பாடு. குளிர் விட்டதும் அந்தச் சனம் காட்டில் பிடுங்கித் தின்றது உள்ளிப்பூண்டு மணக்கிற ஓர் இலையாம்.

"அது எங்கடை வீட்டுக்குப் பின்னாலை இருக்கிற ஹொல்ம்லியாக் காட்டிலையும் இருக்கு," என்றார் இவர்.

கீரை என்றால் இந்த மனுசன் எந்தப் பற்றைக்குள்ளும் இறங்குவார். சனிக்கிழமை காலையில் ஒரு பை நிறையப் பிடுங்கி வந்தார். கசக்கி மணந்து பார்த்துத்தான் பிடுங்கினாராம். யாழ்ப்பாணத்தவர் கையில் இலை கிடைத்தால் வேறென்ன, வறைதான். பொடியாக அரிந்து, வெங்காயமும் தேங்காய்ப்பூவும் போட்டு வறுத்தேன். சோற்றோடு குழைத்து மகளின் வாயில் தீத்தினேன். இரண்டு வாய்க்குமேல் வாங்கமாட்டேன் என்று அடம்பிடித்தாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அதற்குள் இவர் சட்டியில் ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டார்.

"அவளை விடும். எனக்குப் பசிக்குது, சட்டியை இஞ்சை தாரும்."

வழித்துத் துடைத்துச் சாப்பிட்டார். எனக்கென்று ஒரு பிடி வைக்கவில்லையே என்று பேசினாலும் உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

மகள் அந்த இலையையும் மட்டையில் கீறுவதற்காகப் பையின் அடியில் கிடந்த ஒன்றை எடுத்தாள்.

"அம்மா, புத்தகத்திலை ஒரு காம்புக்கு ஒரு இலைதான். இதிலை ரெண்டு இருக்கு."

வாங்கிப் பார்த்தேன். வெள்ளை மணிபோலப் பூக்கிற செடி. நஞ்சு, பிள்ளைகளைத் தொட விடவேண்டாம் என்று பாலர் பள்ளியில் சொல்லியனுப்பிய அதே செடி. இவருடைய விரல்களை இழுத்து மணந்தேன். முதலில் கசக்கிய நல்ல இலையின் மணம் விரலில் ஊறிக் கிடந்தது. அதற்குப் பிறகு எதைக் கசக்கி மணந்தாலும் உள்ளிதானே.

ஆஸ்பத்திரியில், பிள்ளை எவ்வளவு சாப்பிட்டது என்று டாக்டர் கேட்டார். தீத்துகிற கைக்கு ஏது அளவு? விரல்களைக் குவித்துக் காட்டினேன். மகளின் நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். முருகா, என்ரை பிள்ளையை எடுத்துப்போடாதை என்று திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். நேர்ஸோ எனக்குப் பின்னால் எதையோ பார்த்து, மகளை விட்டுவிட்டு அங்கே ஓடினார். இவர் சுவரோடு சரிந்து சத்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார்கள். இவருடைய நாடிதான் இறங்கிக்கொண்டே போனது.

"கசந்தது," என்றார் மெல்ல. "நீர் பிள்ளைக்குத் திருப்பித் தீத்துவீர் எண்டுதான் சட்டியை வாங்கினனான்."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீர் கத்துவீர்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இனிக் கத்தமாட்டன், கத்தமாட்டன் என்று அழுதேன்.

நாடி ஏறி, அவர் வீட்டுக்கு வந்த பிறகு அந்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. இன்றைக்கும் எதைச் சமைத்து வைத்து எப்படி என்று கேட்டாலும், நல்லாயிருக்கு என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.