ஐம்பத்தைந்தாவது தந்தி

இதைக் கட்டுக்கதை என்று நீங்கள் ஒதுக்கினால் எனக்கும் நிம்மதிதான். ஆனால் நடந்தது. அமெரிக்காவில், நான் இருக்கிற எடிசனில், போன நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை.

பக்கத்து வீட்டு பெட்ரோ அங்கிள் உக்ரைன்காரர். கராஜில் பந்துரா செய்வார். வில்லோ மரத்தைக் குடைந்து செய்கிற பெரிய வாத்தியம், மடியில் நிறுத்தி மீட்டுவார்கள். தந்திகள் ஐம்பத்தைந்து. ஐ.டி. வேலை அலுத்துப்போய், வார இறுதிகளில் நான் அவருக்கு மரம் இழைத்துக் கொடுப்பேன். அப்போது செய்துகொண்டிருந்தது அவர் மகன் ஆண்ட்ரிக்கு. போருக்குப் போன ஆண்ட்ரியை மூன்று மாதமாகக் காணவில்லை.

அங்கிள் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நஞ்சப்பன், தந்தியெல்லாம் கட்டிடு. கடைசி ஒண்ணை மட்டும் விட்டுடு. அதை ஆண்ட்ரி வந்துதான் கட்டணும். அதுவரைக்கும் அவன் இருப்பான்.”

அந்த ஞாயிறு, அவர் கராஜில் நான் மட்டும். மாலை 4.45. ஐம்பத்து நான்கு முடிந்தது. எனக்கு உறுத்தியது. எங்கள் ஊரில் மொய்கூட நூறாக வைக்க மாட்டோம், நூற்றொன்றுதான். இதைப் போய் இரட்டைப்படையில் நிறுத்துவதா? அந்தப் பிள்ளைக்கு நல்லது நடக்கட்டும் என்றுதான்... கடைசியையும் கட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

4.52.

டங்...

நான் தொடவில்லை. கடைசித் தந்தி மட்டும் அதிர்ந்தது. உள்ளங்கையால் அமுக்கினேன். கைக்குள்ளும் அதிர்ந்தது.

போன் அடித்தது. என் மனைவி தாமரைச்செல்வி.

“என்னங்க, டீ ஆறுது. அங்க கூட யாரு?”

“யாருமில்லையே.”

“மூச்சு வாங்குற சத்தம் கேக்குதே...”

போனை வைத்துவிட்டேன்.

பூட்ஸ் கால்கள் படியேறும் சத்தம். ஒன்று... இரண்டு... ஒன்பது.

அந்தக் கராஜில் படியே கிடையாது.

கிறீச்... மரக்கதவு.

மரக்கதவும் கிடையாது.

ஈர மண் வாசனை.

அப்புறம்... தொப்.

தந்தி அடங்கிவிட்டது.

டிசம்பரில், ஆண்ட்ரியோடு இருந்த ஒருவன் அங்கிளுக்குப் போன் செய்தான். மூன்று மாதமாக இருவரும் ஒரு நிலவறையில் ஒளிந்திருந்தார்களாம். நவம்பர் 16, இரவு 11.52. அங்கே எடிசனைவிட ஏழு மணி நேரம் முன்னால். ஆண்ட்ரி திடுக்கிட்டு எழுந்திருக்கிறான். “கேட்டியா? அப்பா முடிச்சிட்டார். என்னைக் கூப்பிடுறார்” என்றானாம். ஒன்பது படி ஏறி மரக்கதவைத் திறந்தான். வாசலிலேயே சுட்டுவிட்டார்கள்.

அங்கிள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

“கடைசித் தந்தியை நீ கட்டலையே?”

“இல்ல அங்கிள்.”

அவர் நம்பினார். அந்தத் தந்தியை அன்றே அவிழ்த்து என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டியிருந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறது. மாலை 4.52க்கு நான் அந்த அறையில் இருப்பதில்லை.