பூச்சி இறக்கையும் என் ஆயுத பூஜையும்

போன வருஷம் ஆயுத பூஜை அன்று, திருப்பதியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் நடந்தது இது. எனக்குச் சொந்த ஊர் அரக்கோணம்; வேலைக்காக இங்கே வந்தவள். என்னோடு தங்கியிருப்பவள் புத்தூர்ப் பெண், என்னைவிடச் சின்னவள். பாறைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். வீட்டில் அரிசியைவிடக் கல்தான் அதிகம் என்று அவளைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பேன்.

பூஜைக்கு அவள் ஊருக்குப் போய்விட்டாள். பாவம், அவள் சாமான்களுக்கு யார் பொட்டு வைப்பது? சுத்தியல், உளி, பூதக்கண்ணாடி எல்லாவற்றையும் துடைத்து மஞ்சள் குங்குமம் வைத்தேன். மேஜைமேல் பஞ்சு விரித்த டப்பாவில் வெளிறிய கல் துண்டு ஒன்று, மண் ஒட்டிக்கொண்டு கிடந்தது. எனக்குத்தான் அழுக்கைக் கண்டால் ஆகாதே, விட்டேனா? குழாயடியில் வைத்து, தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன். மேல்பக்கம் சேறாகக் கரைந்து ஓடியது. பளிச்சென்று ஆனதில் எனக்கு ஒரே சந்தோஷம். நடுவில் பெரிய பொட்டாகவே வைத்தேன்.

மறுநாள் வந்தவளுக்கு, கல்லைக் கையில் எடுத்ததும் முகம் வெளுத்துப்போனது.

“அக்கா, இதுல பூச்சி இறக்கை ஒண்ணு இருந்துச்சே. இன்னா பண்ணே?”

சத்தியவேடு பக்கம் மாதக்கணக்கில் வெயிலில் அலைந்து, கல்லைப் பிளந்து பிளந்து பார்த்து, அவளுக்குக் கிடைத்த ஒரே இறக்கை அது. திங்கட்கிழமை பேராசிரியரிடம் காட்டவேண்டியது. போட்டோ இருந்ததாம், ஆனால் கல் இல்லாமல் வெறும் போட்டோவை யார் ஒப்புக்கொள்வார்கள்? இறக்கை எப்படிக் கல்லுக்குள் போகும் என்று அப்போதுதான் கேட்டேன்.

“தண்ணியில வுழுந்த பூச்சி அழுகிப்போறதுக்குள்ள, மெல்லிசா சேறு வந்து மூடிக்கணும் அக்கா. அது மேல சேறு படிஞ்சிக்கினே இருந்து கல்லாயிடும், உள்ள அச்சு நிக்கும். எல்லாப் பூச்சிக்கும் அந்த யோகம் கெடையாது.”

கோடிக்கணக்கான வருஷம் தாங்கியதை நான் ஐந்து நிமிஷத்தில் தேய்த்து முடித்திருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கப்போய் குரங்காய் முடிந்த கதைதான். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

அப்புறம் அவள் பேராசிரியருக்குப் போன் செய்தாள். யார் கழுவியது என்று அவர் தெலுங்கில் கத்தியது சமையலறையில் இருந்த எனக்கே கேட்டது.

“நேனே சார்,” என்றாள். நான்தான் சார் என்று. என் பேச்சையே எடுக்கவில்லை. எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, “நீ துன்னியா அக்கா?” என்று என் சாப்பாட்டை விசாரித்தாள்.

இப்போது ஞாயிறுதோறும் நானும் அவளோடு கல் உடைக்கப் போகிறேன். இலைத் தடங்கள் கிடைக்கின்றன, இறக்கை இன்னும் அகப்படவில்லை. அன்றைக்கு அவள் என்னைத் திட்டியிருந்தால், இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மறந்திருப்பேன். பழியைத் தானே வாங்கிக்கொண்டாளே, அதனால்தான் அவளுக்கு இன்னொரு இறக்கை கிடைக்கும்வரை அந்த வெயிலை விட்டு வர எனக்கு மனசே வருவதில்லை.