ஒன்றேகால் அங்குல ஸ்க்ரூ

சைக்கிள் வால்வு டியூபைத் துண்டு துண்டாக நறுக்கும்போது விரலில் ஒட்டும் வெள்ளை மாவு... அந்த ரப்பர் வாசனை... இன்னும் மறக்கவில்லை.

ஐம்பதுகளின் கடைசி. பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்துவிட்டு, செங்கல்பட்டில் அப்பாவின் ரேடியோ ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருந்தேன். ரயில்வே கார்டு விக்டர், பலாப்பலகையில் தானே ஒரு எலக்ட்ரிக் கிடார் செய்துகொண்டிருந்தார். மகளின் கல்யாண விருந்தில் வாசிக்க வேண்டுமாம். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பை, காந்தத்தைச் சுற்றிச் செம்புக்கம்பி சுற்றி, நான்தான் செய்தேன்.

அதைப் பலகையில் குடைந்த பள்ளத்துக்குள் நேரடியாகவே பொருத்த வேண்டும். இரண்டு ஸ்க்ரூ, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வால்வு டியூப். முடுக்கினால் பிக்கப் இறங்கும், தளர்த்தினால் ரப்பர் அதை மேலே தள்ளும். அதுவரை என் யோசனை சரிதான்.

எதிர்ச்சாரி இரும்புக்கடை காதர் பாய், அப்பாவின் சிநேகிதர். இரண்டு பேரும் காலையில் ஒன்றாகத்தான் நாஸ்தா சாப்பிடுவார்கள். காந்தம் இழுக்காதபடி பித்தளை ஸ்க்ரூ கேட்டேன். முக்கால் அங்குலமும் ஒன்றேகாலும் எடுத்து வைத்தார். நான் நீளமானதை எடுத்தேன்.

"பலகை இன்னா கனம் பாப்பா?"

"ஒன்னேமுக்கா இன்ச் பாய்."

"ஓரத்துல அளந்தியா, பள்ளத்துல அளந்தியா?"

ஓரத்தில்தான் அளந்திருந்தேன். "அதெல்லாம் கணக்குப் போட்டாச்சு" என்றேன்.

"காலேஜ் படிச்ச பொண்ணு, உனக்கு நான் இன்னாத்த சொல்றது" என்று சிரித்தார். "எதுக்கும் சின்னதயும் எடுத்துனு போயேன்."

வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள், எங்கள் கடையில் விக்டர் எதிரிலேயே முடுக்கினேன். கிடாரைத் திருப்பினால், பள்ளத்தின் மெல்லிய அடியைத் துளைத்துக்கொண்டு பின்பக்கத்தில் இரண்டு பித்தளை முனைகள்... சுற்றிலும் பாலிஷ் பெயர்ந்திருந்தது.

"ஒரு மாசமா தேச்சேம்மா" என்றார் விக்டர், மெதுவாக.

"யார் குடுத்த ஸ்க்ரூ இது?" அப்பா கேட்டார்.

"காதர் பாய்."

பொய் இல்லை. அதனால்தான் இன்னும் கேவலமாக இருக்கிறது.

அப்பா அவரைக் கூப்பிட்டு, விக்டரை வைத்துக்கொண்டே கேட்டார். "இன்னா பாய், பொம்பளப் புள்ள வந்தா கைக்குக் கெடச்சத தள்ளி வுடுவியா?"

பாய் முனைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் குனிந்து, தேவையே இல்லாமல் இன்னொரு டியூபை நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"பாத்துக் குடுத்திருக்கணும் நைனா. என் தப்புதான்."

அவரே போய் முக்கால் அங்குலம் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குப் பிறகு அப்பா அந்தக் கடைப்பக்கமே போகவில்லை. நாஸ்தாவும் நின்றுபோயிற்று.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அப்பாவிடம் பயம், படித்தவள் என்ற பெயர் போய்விடுமே என்று அதைவிடப் பயம். பதினைந்து வருஷம் ஓடிவிட்டது; இப்போது காலேஜில் பாடம் நடத்துகிறேன். அப்பாவும் இல்லை.

போன மாதம் செய்யூர் பஸ்ஸில் பாய் என்னை அடையாளம் கண்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மகள் வீட்டுக்குப் போகிறாராம். பஸ் கிளம்பியதும் கேட்டார்.

"அந்த கிடாரு கல்யாணத்துல நல்லா பேசிச்சா பாப்பா? உங்கப்பாவ கேக்கலாம்னு பாத்தேன். அவரு எங்கிட்ட பேசவே இல்ல."

பஸ்ஸில் எங்களைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பயப்பட யாரும் இல்லை. ஒரு வாக்கியம் போதும்...

"நல்லா பேசிச்சு பாய்" என்றேன்.

அவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.